அட்வான்ஸைத் திருப்பித் தரும் முன் கதவின் அடியைப் பாருங்கள்

வாடகை வீட்டுப் பிரச்சினைகள் குறித்த வாசகர் கேள்விகளுக்கு, சென்னை சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நெடுங்காலம் வாடகை வழக்குகள் நடத்திய வழக்கறிஞர் அம்மா பதில் சொல்கிறார். வாசகர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

*

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். பெரும்பாக்கத்தில் எனக்கு இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று இருக்கிறது. வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் 54,000. ஆள் பிடித்துக் கொடுத்த புரோக்கரையே மாதம் 1,000 ரூபாய்க்கு வீட்டையும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். அட்வான்ஸும் அவரிடமே இருந்தது. ஏப்ரலில் குடித்தனக்காரர் காலி செய்தார். "வீடு நல்லா இருக்கு சார், அட்வான்ஸ் முழுசா செட்டில் பண்ணிட்டேன்" என்று புரோக்கர் வாட்ஸ்அப்பில் எழுதினார். ஜூனில் லீவில் வந்து பார்த்தால் குளியலறைக் கதவு அடியில் உப்பிக் கிடக்கிறது. சமையல் மேடை கிரானைட்டில் விரிசல். வாஷ்பேசின் உடைந்து எம்சீல் போட்டு ஒட்டியிருக்கிறது. ஹால் சுவர் முழுக்க ஆணி ஓட்டை, ஏசிக்காகப் படுக்கையறைச் சுவரில் துளை, ஜன்னலுக்குக் கீழே பெயின்ட் பொரிந்து உதிர்கிறது. இப்போது அதே புரோக்கர் 1,40,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் அனுப்புகிறார். பழைய குடித்தனக்காரர் போனை எடுப்பதில்லை. நான் யாரிடம் கேட்பது?
– சிங்கப்பூர் வாசகர்

பதில்: அந்த 1,40,000 ரூபாயை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ஏப்ரலில் "வீடு நல்லா இருக்கு" என்றவரே ஜூனில் ஒன்றரை லட்சத்துக்குக் கிட்ட வேலை இருக்கிறது என்கிறார். இரண்டில் ஒன்று பொய். எது பொய்யானாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அந்த வாட்ஸ்அப் செய்தியை மட்டும் அழித்துவிடாதீர்கள். இப்போதைக்கு உங்கள் கையில் இருக்கும் நல்ல சாட்சி அது ஒன்றுதான்.

அடுத்து, நீங்கள் பட்டியல் போட்டிருக்கும் எல்லாமே குடித்தனக்காரர் செய்த சேதம் அல்ல. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கும் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், புழங்குவதால் வரும் சாதாரணத் தேய்மானத்தைத் தனியாக வைக்கிறது. எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று இரண்டாவது அட்டவணையில் பிரித்தும் கொடுத்திருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, வயரிங், கட்டட ரிப்பேர் எல்லாம் ஓனர் தலையில். குழாய் வாஷர், வாஷ்பேசின், கழிப்பறை, கீசர், ஸ்விட்ச், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் தலையில். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால்தான் இது மாறும்.

இப்போது உங்கள் பட்டியலை எடுத்துக்கொள்வோம். குளியலறைக் கதவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் சண்டை வருவது அதில்தான். ஒரு சின்னக் கைக்கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து, கதவின் அடி விளிம்பைப் பாருங்கள். பெரும்பாலான ஃபிளாட்களில் ஆசாரி கதவை மாட்டிய பிறகு முன்பக்கமும் பின்பக்கமும்தான் பெயின்ட் அடித்திருப்பார்கள். அடி விளிம்பு பெயின்ட் படாத வெறும் பலகையாகவே இருக்கும். தினமும் தெறிக்கும் தண்ணீரை அது உறிஞ்சும், ஒட்டுப்பலகை விரியும், உப்பும். அப்படி இருந்தால் அது பில்டர் விட்ட குறை. யார் குடியிருந்தாலும் உப்பியிருக்கும். புதுக் கதவு வாங்கும்போது குளியலறைக்கு பி.வி.சி. கதவாகப் போட்டுவிட்டுப் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அடி விளிம்பில் பெயின்ட் ஒழுங்காக இருந்து, நடுவில் பலகை உடைந்திருந்தால் அது வேறு கதை.

கிரானைட் விரிசலையும் இப்படித்தான் படிக்க வேண்டும். சிங்க் பொருத்த வெட்டிய மூலையிலிருந்து மெல்லிய கோடாகக் கிளம்பியிருந்தால், கல்லுக்குக் கீழே தாங்கல் சரியில்லை என்று அர்த்தம். கல்லின் நடுவில் சின்னக் குழி விழுந்து, அங்கிருந்து விரிசல் ஓடியிருந்தால் யாரோ அதன்மேல் இடிகல்லையோ தேங்காயையோ போட்டு உடைத்திருக்கிறார்கள். முதலாவது உங்கள் செலவு, இரண்டாவது அவர்கள் செலவு.

வாஷ்பேசினில் சந்தேகமே இல்லை, அது குடித்தனக்காரர் கணக்கு. ஆனால் பழைய பேசினின் தரத்தில் ஒன்றும் ப்ளம்பர் கூலியும்தான் கேட்கலாம். கண்ணாடி பேசின் வாங்கி அந்த பில்லை நீட்ட முடியாது. ஏசித் துளை உங்கள் அனுமதியில்லாமல் போட்டது என்றால் அடைக்கும் கூலியைக் கேட்கலாம். என்னைக் கேட்டால் அப்படியே மூடி போட்டு வைத்துவிடுங்கள். அடுத்து வருபவரும் ஏசி மாட்டத்தான் போகிறார். ஆணி ஓட்டைகள்? குடும்பம் நடத்துகிறவர்கள் காலண்டரும் சாமி படமும் மாட்டத்தான் செய்வார்கள். பட்டி பார்த்தால் மறைகிற ஓட்டைக்குச் சண்டை போடாதீர்கள். ஜன்னலுக்குக் கீழே பொரிந்திருப்பது ஓதம். வெளிச்சுவர் விரிசலிலோ ஜன்னல் சட்டத்தின் ஓரத்திலோ மழைத் தண்ணீர் இறங்குகிறது. அது நூற்றுக்கு நூறு உங்களுடையது, அல்லது உங்கள் அசோசியேஷனுடையது. ஐப்பசி மழைக்கு முன்னால் வெளிப்பக்கம் பார்க்காமல் உள்ளே பெயின்ட் அடித்தால் பொங்கலுக்குள் மறுபடி பொரியும்.

இப்படிக் கழித்துப் பார்த்தால், குடித்தனக்காரரிடம் நியாயமாகக் கேட்கக்கூடியது சில ஆயிரங்களில் வந்து நிற்கும். கிரானைட் அவர்கள் கணக்கில் வந்தால் கொஞ்சம் கூடும். 54,000 அட்வான்ஸில் அடங்கியிருக்க வேண்டிய விஷயம் இது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் சட்டம். அந்த ஒரு மாதத்தைத்தான் உங்கள் புரோக்கர் உங்களுக்கு இல்லாமல் செய்துவிட்டார்.

இங்கே ஒரு சந்தேகம். அட்வான்ஸ் முழுவதையும் திருப்பிக் கொடுத்தார் என்பது அவர் சொன்னது. நீங்கள் பார்த்தீர்களா? ஓனரிடம் "முழுசா கொடுத்துட்டேன்" என்பதும், குடித்தனக்காரரிடம் "ஓனர் பெயின்டிங்குக்குப் பிடிக்கச் சொல்லிட்டார்" என்பதும் இந்தத் தொழிலில் புதிதல்ல. இப்படிப்பட்ட பல கேஸ்களில் நான் ஆஜராகியிருக்கிறேன். அந்தக் குடும்பம் உங்கள் போனை எடுக்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். உங்கள்மேல் கடுப்பில் இருப்பார்கள். சேதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல், "அட்வான்ஸில் உங்களுக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது, எப்படி வந்தது" என்று மட்டும் மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள். பதில் வந்தால் உங்கள் கேஸின் முகமே மாறலாம்.

புரோக்கருக்கு எழுத்தில் ஒரு கடிதம் போகட்டும். போனில் கத்துவதில் பயனில்லை. மாதம் 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்ததால் அவர் வெறும் புரோக்கர் இல்லை, உங்கள் முகவர். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 212ஆம் பிரிவு முகவர் அக்கறையோடு வேலை செய்ய வேண்டும் என்கிறது. 213ஆம் பிரிவு, கேட்டால் கணக்குக் காட்டியே ஆக வேண்டும் என்கிறது. ஆகவே கேளுங்கள்: அட்வான்ஸ் திருப்பியதற்கான வங்கிப் பதிவு, காலி செய்த அன்று எடுத்த படங்கள், அன்றைய மின் மீட்டர் ரீடிங், பராமரிப்புக்கு என்று பிடித்த தொகைகளுக்கு பில். பதினைந்து நாள் கெடு கொடுங்கள். ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு ஒன்று, வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அதே கடிதம். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று புகார் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நீங்கள் அவருக்குக் கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்கு உள்ளே என்பதால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஆன்லைனில் தாக்கல் செய்யலாம் என்பதால் சிங்கப்பூரிலிருந்து விமானம் ஏற வேண்டாம்.

அவருடைய அதிகாரத்தை ரத்து செய்வதையும் எழுத்தில் செய்யுங்கள். கையோடு அசோசியேஷனுக்கும், வாட்ச்மேனுக்கும், வீடு பார்க்க வந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் தெரிவியுங்கள். நீங்கள் நீக்கியது மூன்றாம் ஆளுக்குத் தெரியாதவரை அவரை நம்பி ஒருவர் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால், அந்த வில்லங்கம் உங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். பூட்டையும் மாற்றிவிடுங்கள்.

எஸ்டிமேட்டுக்குத் தனியாக ஒரு கொத்தனாரையும் ப்ளம்பரையும் கூப்பிட்டு, ஒவ்வொரு வேலைக்கும் தனித் தொகை எழுதி வாங்குங்கள். "மொத்தமா முடிச்சுத் தரேன்" என்பவரிடம் எந்தச் செலவு யாருடையது என்று பிரிக்கவே முடியாது. அப்புறம், ரிப்பேர் பில்லை வருமான வரியில் காட்டலாமா என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள், முடியாது. வீட்டு வாடகை வருமானத்தில் செலவுக்கென்று 30 சதவீதம் கழிவு தருகிறார்கள், நீங்கள் செலவே செய்யாவிட்டாலும் அது உண்டு, கூடச் செலவு செய்தாலும் அவ்வளவுதான்.

அடுத்த குடித்தனம் வரும்போது சாவி கொடுக்கும் அன்றே ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து, இரண்டு தரப்புக்கும் போகும்படி அனுப்பி வையுங்கள். என் மாமியார் நங்கநல்லூர் வீட்டின் மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருந்த காலத்தில் வீடியோ ஏது. காலி செய்கிற குடும்பத்துக்குக் கீழே காபி கொடுத்து உட்கார வைத்துவிட்டு, மாடிக்குப் போய் எல்லாக் குழாயையும் திறந்து விட்டு, ஃபேனையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எண்ணுவார். ஒரு குடித்தனமும் அவரோடு முகம் முறித்துக்கொண்டு போனதில்லை.

*

கேள்வி: அம்பத்தூரில் நாங்கள் கீழே இருக்கிறோம். மாடிப் போர்ஷனை ஓர் ஏஜென்சியிடம் ஒப்படைத்தோம். "மாதம் 12,000 உங்கள் கணக்கில் வந்துவிடும், ஆள் பார்ப்பது, வாடகை வாங்குவது எல்லாம் எங்கள் வேலை, குடித்தனக்காரரிடம் நீங்கள் எதுவும் பேச வேண்டாம்" என்றார்கள். ஒரு வருடம் ஒழுங்காக வந்தது. மூன்று மாதமாகப் பணம் இல்லை, ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. மாடியில் இருப்பவரைக் கேட்டால், "நான் ஏஜென்சிக்கு 6 லட்சம் லீஸ் கொடுத்திருக்கிறேன், எனக்கு ஏது வாடகை" என்கிறார். சன்ஷேடு மேல் ஷெட் வேறு இறக்கி, அந்த சன்ஷேடு தளத்தில் ஓட்டை போட்டிருக்கிறார். இ.பி.யைக் கட் பண்ணிவிடலாம் என்கிறான் என் மகன்.
– அம்பத்தூர் வாசகி

பதில்: மகனை முதலில் உட்காரச் சொல்லுங்கள். தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவதை வாடகைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு தடுக்கிறது. நிறுத்திய மறுநாள் மாடிக்காரர் புகார் கொடுப்பார். பாதிக்கப்பட்டவராக நிற்க வேண்டிய நீங்கள் எதிர்மனுதாரர் ஆகிவிடுவீர்கள்.

அம்மா, உங்களுக்கு வந்துகொண்டிருந்த 12,000 வாடகையே அல்ல. மாடிக்காரர் லீஸாக, அதாவது மாத வாடகைக்குப் பதில் மொத்தமாகக் கொடுத்து, காலி செய்யும்போது திரும்ப வாங்கிக்கொள்ளும் பணமாகக் கொடுத்த 6 லட்சத்திலிருந்து அவர்கள் உங்களுக்கு மாதாமாதம் கிள்ளிக் கொடுத்தது. 6 லட்சத்தை 12,000ஆல் வகுத்தால் ஐம்பது மாதத்துக்கு வரும். அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தால் நாலு வருடத்துக்கு மேல் உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. வைத்திருக்க மாட்டார்கள். அடுத்த வீட்டு லீஸ் பணத்தை வைத்து இந்த வீட்டு ஓனருக்குக் கொடுத்து, சுற்றிக்கொண்டே இருப்பார்கள். புது லீஸ் வருவது நின்ற மாதம் எல்லா ஓனர்களுக்கும் ஒரே சமயத்தில் பணம் நிற்கும். சென்னையிலும் புறநகரிலும் இந்த மோசடி ஊரறிந்தது. "குடித்தனக்காரரிடம் பேச வேண்டாம்" என்பதுதான் இதன் அச்சாணி. ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும் இரண்டு குடும்பங்கள் ஒரு வருடம் வாடகை என்ற வார்த்தையையே பேசிக்கொள்ளவில்லை என்பதை நம்பித்தான் அவர்கள் தொழில் நடக்கிறது.

மாடிக்காரர் உங்கள் எதிரி இல்லை. உங்களுக்குப் போனது 36,000, அவருக்குப் போனது 6 லட்சம். இரண்டு பேரும் சேர்ந்து புகார் கொடுங்கள். அம்பத்தூர் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகிறது. அங்குள்ள மத்திய குற்றப்பிரிவில் மனு கொடுக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 316, 318 பிரிவுகள், அதாவது நம்பிக்கை மோசடியும் ஏமாற்றுதலும், இதற்குப் பொருந்தும். குற்றம் 2024 ஜூலை 1க்கு முன்பு நடந்திருந்தால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டம்தான். இதே ஏஜென்சியிடம் ஏமாந்த மற்ற ஓனர்களையும் தேடிப் பிடியுங்கள். பத்துப் புகார் ஒன்றாகப் போனால் ஃபைல் நகரும்.

புகாருக்கு முன் இரண்டு தாள்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, ஏஜென்சியோடு நீங்கள் போட்டது. அதில் லீஸ் தொகை வாங்க அனுமதி கொடுத்ததாக எங்காவது ஒரு வரி இருக்கிறதா? இரண்டு, மாடிக்காரரிடம் இருப்பது. அதில் ஓனர் என்ற இடத்தில் யார் கையெழுத்து? உங்கள் கையெழுத்தைப் போலவே ஒன்று இருந்தால் அது போலி ஆவணம் தயாரித்த குற்றமும் ஆகும், மறக்காமல் புகாரில் சேருங்கள். உங்கள் ஒப்பந்தத்தில் அனுமதி வரி இருந்தால், அந்த 6 லட்சத்துக்கு மாடிக்காரர் உங்களையும் இழுக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு எதுவும் செய்யாதீர்கள், தாள்களோடு ஒரு வக்கீலை நேரில் பாருங்கள்.

மாடிக்காரரோடு பேசும்போது 6 லட்சம் வந்தது என்றோ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றோ எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், பரிதாபப்பட்டும் போடாதீர்கள். இனி மாத வாடகை கொடுத்து இருக்கப் போகிறாரா, அல்லது எந்தத் தேதியில் காலி செய்யப் போகிறார் என்பதை மட்டும் புதிதாக எழுதி வாங்குங்கள். இருக்கப் போகிறார் என்றால் அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யுங்கள். இதற்கென அரசு இணையதளம் இருக்கிறது. பதிவில்லாத தாளை எடுத்துக்கொண்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போனால் உள்ளே நுழைவதற்கே சிரமம். எதற்கும் ஒத்துவரவில்லை என்றால் வழி வாடகை நீதிமன்றம்தான், வேறு குறுக்கு வழி இல்லை.

சன்ஷேடு ஓட்டையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். மழைத் தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடித்தால் காரை பெயர்ந்து யார் தலையிலாவது விழும். பார்வையிட வருகிறேன் என்று இருபத்து நாலு மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிட்டு, கொத்தனாரோடு போய், படம் எடுத்துக்கொண்டு, அடைத்துவிடுங்கள். செலவு யாருடையது என்று பிறகு பேசிக்கொள்ளலாம்.

*

கேள்வி: ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதெல்லாம் புரோக்கர் அரை மாத வாடகை கேட்கிறார். குடித்தனக்காரர் அதே ஆள்தான். கொடுக்க வேண்டுமா? ரெராவில் புகார் செய்யலாமா?
– கோவை வாசகர்

பதில்: புதுப்பித்தலுக்கும் கமிஷன் உண்டு என்று நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் கொடுங்கள். இல்லையென்றால், அவர் எதற்காக வாங்குகிறார் என்று அவரையே கேளுங்கள். முத்திரைத்தாள் வாங்கி டைப் அடித்த செலவைக் கொடுத்தால் போதும். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் மனை, ஃபிளாட் விற்பனையில் ஈடுபடும் முகவர்களுக்கானது, வாடகை புரோக்கர் அதில் வரமாட்டார்.

*

கேள்வி: காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டிங்குக்குப் பிடிப்பது எங்கள் தெரு வழக்கம். இப்போது இருப்பவர் சட்டம் பேசுகிறார்.
– திருச்சி வாசகர்

பதில்: அவர் பேசுவது சரியான சட்டம். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் பிடிக்கலாம். எழுதாமல் விட்டால் வெள்ளையடிப்பது உங்கள் செலவு. சில வருடம் குடியிருந்த வீட்டுக்கு எப்படியும் பெயின்ட் அடிக்கத்தான் போகிறீர்கள், அவர் இல்லாவிட்டாலும் சுவர் மங்கியிருக்கும்.

*

கேள்வி: மதுரையில் என் கீழ்வீட்டில் இருப்பவர்கள் பெரிய கிரைண்டர்களைப் போட்டு இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். கிரைண்டர் அதிர்வில் ஹால் டைல்ஸ் பெயர்ந்துவிட்டது. மாவுத் தண்ணீர் போய்ச் சாக்கடை அடைக்கிறது. வாடகை தேதி தவறாமல் வருகிறது. நல்ல குடும்பம் என்று புரோக்கர் சமாதானம் சொல்கிறார்.
– மதுரை வாசகர்

பதில்: நல்ல குடும்பமாகவே இருக்கட்டும், டைல்ஸுக்கு அது தெரியாது. வாடகை சரியாக வருவது ஒரு பக்கம். குடியிருக்க எடுத்த வீட்டில் சேதம் வரும்படி தொழில் நடத்துவது இன்னொரு பக்கம். எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். நிறுத்தாவிட்டால் அதையே காரணமாகக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் வீட்டைத் திரும்பக் கேட்கலாம்.

ஆனால் உங்களுக்கு அவசரமான ஆபத்து டைல்ஸில் இல்லை, மீட்டரில் இருக்கிறது. வீட்டு இணைப்பில் வியாபாரம் நடப்பதை மின்வாரியம் கண்டுபிடித்தால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி அந்தப் பயன்பாட்டுக்கு உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதம் வரை போவார்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் தேடி வருவார்கள், அது நீங்கள்.

அவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். தொழிலை வேறு கடைக்கு மாற்ற ஒரு மாதம் கேட்டால் கொடுக்கலாம். மாவு வியாபாரத்தில் வாடிக்கை போனால் திரும்ப வராது, அந்தக் கஷ்டமும் உண்மைதான். அந்த ஒரு மாதத்துக்கும் எழுத்தில் ஒரு தாள் வேண்டும்: எந்தத் தேதியில் கிரைண்டர் வெளியேறும், பெயர்ந்த டைல்ஸை யார் மாற்றுவார், சாக்கடை சுத்தம் செய்யும் கூலி யாருடையது. டைல்ஸில் அதே டிசைன் கிடைக்காது என்று கடைக்காரர் சொல்வார். வீடு கட்டியபோது மிச்சம் வந்த பெட்டி லாஃப்டில் இருக்கிறதா என்று ஒருமுறை ஏறிப் பாருங்கள்.